ருத்ரா போட்டால் மொட்டைத் தலையும் ஆடும்

நடுநிலையான இசை விமர்சனம் தேடுகிறவர்கள் தயவுசெய்து அடுத்த கட்டுரைக்குப் போய்விடுங்கள். நான் ருத்ரா வெறியன். நடிகர்களுக்குக் கட்அவுட் வைத்துப் பால் ஊற்றுகிறவர்களை ஒரு காலத்தில் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை. கையில் காசு இருந்தால் திருத்தணிக்குள் நுழைகிற சாலையில் கதிருக்கு ஒரு கட்அவுட் வைத்து அண்டா அண்டாவாகப் பால் ஊற்றுவேன். எந்தக் கதிர் என்கிறீர்களா? 1992-இல் சிங்கப்பூரில் பிறந்த ருத்ரா என்ற மெட்டல் குழுவின் பாடகர், பேஸ் கிட்டாரும் அவர்தான். டிரம்ஸில் சிவா. கிட்டாரில் பாலா. கதிர், சிவா, பாலா! எங்கள் தெருமுனையில் நின்று கூப்பிட்டால் ஒவ்வொரு பெயருக்கும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நார்வேக்காரர்களின் பெயர்களை நாக்குச் சுளுக்க உச்சரித்துப் பழகியவன் நான், எனக்கு இந்தப் பெயர்களைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, சொந்த அத்தை மகன் இந்திய அணிக்கு ஆடத் தேர்வான சந்தோஷம்.

பிளாக் மெட்டல் தெரியாதவர்களுக்காக இரண்டே வரி, எனக்கு ருத்ராவிடம் ஓட வேண்டும். வெனம் என்ற இங்கிலாந்துக் குழு 1982-இல் 'பிளாக் மெட்டல்' என்று ஓர் ஆல்பம் போட்டது, பெயர் அங்கிருந்து வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நார்வேயின் விடலைப் பையன்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். தந்தியை மூச்சுவிடாமல் அதிவேகமாக மீட்டும் கிட்டார், டிரம்ஸில் பிளாஸ்ட் பீட், தொண்டை கிழிகிற அலறல், பிணத்தைப் போல வெள்ளையும் கறுப்பும் அப்பிய முகம், வேண்டுமென்றே கரடுமுரடாக விட்ட ஒலிப்பதிவு, கிறிஸ்தவத்தின் மேல் தீராத கோபம். அந்தக் கோபம் பாட்டோடு நிற்கவில்லை. 1992 ஜூனில் பெர்கன் பக்கம் ஃபான்டாஃப்ட் என்ற பழைய மரத் தேவாலயம் எரிந்து சாம்பலானது, பிறகு வேறு தேவாலயங்கள், கொலைகளும்கூட. அந்த அசிங்கத்தை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் வருஷத்தைக் கவனித்தீர்களா? அதே 1992! அங்கே நெருப்பு வைத்துக்கொண்டிருந்த அதே வருஷம் சிங்கப்பூரில் மூன்று தமிழ்ப் பெயர்க்காரர்கள் அதே ஒலியை எடுத்து வேறு எங்கோ போகக் கிளம்பிவிட்டார்கள்!

இப்போது நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து திருத்தணி போகிற மின்சார ரயில். அரக்கோணம் தாண்டியாயிற்று, ஆபீஸ் கூட்டம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, இப்போதுதான் கொஞ்சம் காற்று வருகிறது. எதிரே பூக்கூடையோடு ஒரு அம்மா, பக்கத்தில் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிகிற எங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டு பேர் நிலத்தகராறு. நண்பன் அனுப்பிய பாட்டை, சரி என்னதான் இருக்கிறது என்று அலட்சியமாகப் போடுகிறேன். 'ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேஸிங் சேரியட்'. 2009-இல் வந்த 'பிரம்மவித்யா: டிரான்ஸெண்டெண்டல் ஐ' ஆல்பம். விஷயம் கீதை. இரண்டு சேனைகளுக்கு நடுவே தேர் நிற்கிறது, வில்லைக் கீழே போட்டுவிட்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கிட்டார் பாய்ந்து வருகிறது, சிவாவின் இரட்டை மிதி அடிவயிற்றில் விழுகிறது, கதிர் உறுமுகிறார், அந்த உறுமலுக்கு மேலே சமஸ்கிருதம் ஏறிக்கொள்கிறது, அய்யோ, என் மயிர்க்கால் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நின்றது! பாட்டு முடிந்தது, மறுபடி போட்டேன். முடிந்தது, மறுபடி. ஜன்னலில் எங்கள் மலை வந்ததையும் பார்க்கவில்லை, பூக்கார அம்மா இறங்கியதையும் பார்க்கவில்லை. நல்லவேளை அது திருத்தணியோடு நிற்கிற வண்டி, இல்லாவிட்டால் ரேணிகுண்டாவில்தான் எனக்குத் தெளிந்திருக்கும்.

அப்படி அதில் என்ன இருக்கிறது? முதலில் ஒலி. பிளாஸ்ட் பீட்டைக் கேட்டதும் பலபேர் "ஒரே இரைச்சல்" என்று எழுந்துபோய்விடுகிறார்கள். இன்னும் அரை நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும் சாமி! ஸ்நேரும் பேஸ் டிரம்மும் மாறி மாறி அந்த வேகத்தில் விழுந்துகொண்டே இருக்கும்போது ஒரு கட்டத்தில் காது அடிகளை எண்ணுவதை விட்டுவிடும். கிட்டாரும் அப்படித்தான், தனித்தனி மீட்டல்கள் கரைந்து ஒரே நீளமான கோடாகிவிடும். சின்ன வயசில் பம்பரம் உச்ச வேகத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கும்போது "டேய், தூங்குதுடா" என்போமே, அதேதான். வேகம் எல்லை தாண்டினால் அசைவில்லாமை வந்துவிடுகிறது. நார்வேயின் டார்க்த்ரோன் 1994-இல் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தில் அந்த இடத்தைத் தொட்டது, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் அங்கே அந்த அசைவின்மை வெறும் குளிர். ருத்ராவின் இசையில் அது சுருதியாகிவிடுகிறது. இரைச்சலின் அடியில் தம்பூரா ஓடுவதாகவே எனக்குக் கேட்கும். நிஜமாகவே தம்பூரா சேர்த்த இடங்களும் உண்டு, சேர்க்காத இடங்களிலும் எனக்குக் கேட்கிறது, பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அசல் என்கிற விஷயம். நார்வேயின் பெருந்தலைகள் ஏன் பெருந்தலைகள்? அவரவர் மண்ணைத் தோண்டினார்கள். எம்பரர் தங்கள் நாட்டு இரவையும் மலையையும் கீபோர்டில் விரித்தார்கள். உல்வர் 1995-இல் 'பெர்க்டாட்' ஆல்பத்தைப் பழைய நடையில், நாட்டார் கதை மணக்க எழுதினார்கள். ஸ்வீடனின் பாத்தரி சாத்தானை விட்டுவிட்டு 'ஹாமர்ஹார்ட்' ஆல்பத்தில் வைக்கிங் மூதாதையரிடம் போய்விட்டது. இதைக் கேட்டுவிட்டு நம்மூர்ப் பையன்கள் என்ன செய்தார்கள்? மே மாத வெயிலில் முகத்துக்கு வெள்ளைச் சாயம் பூசி, அது வியர்வையில் கழுத்து வரை ஒழுக, ஃப்ரீஸரைத் தவிர வேறெங்கும் பனியைப் பார்த்திராதவர்கள், பனிக்காட்டைப் பற்றி அலறினார்கள். ருத்ரா மட்டும் நார்வேயிடமிருந்து சரக்கை வாங்கவில்லை, வழியை மட்டும் கற்றுக்கொண்டது. "உங்கள் மண்ணை நீங்கள் தோண்டினீர்கள், எங்கள் மண்ணை நாங்கள் தோண்டுகிறோம்" என்று கிளம்பியது. தோண்டினால் நம்மிடம் என்ன கிடைக்கும் தெரியுமா? அதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருக்கிறேன்!

அதே ரயில் பாதையில் அரக்கோணத்துக்கு முன்னால் ஒரு ஸ்டேஷன் வரும், திருவாலங்காடு. நடராஜரின் ரத்தின சபை. தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் பாதிப் பேர் போனிலிருந்து தலை தூக்குவதில்லை. அங்கேதான், தேவார மூவருக்கும் முந்திய காரைக்கால் அம்மையார், சுடுகாட்டில் பேய்கள் சூழ ஆடுகிற சிவனைப் பாடினார். அழகு வேண்டாம், உடம்பு வேண்டாம், பேயுருவம் கொடு என்று கேட்டு வாங்கியவர். கயிலாயத்தைக் காலால் மிதிக்க மனமில்லாமல் தலையால் நடந்து போனவர் என்கிறது பெரிய புராணம். எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு, ஆனந்தமாகச் சிரிக்கிற அவருடைய செப்புச் சிலையைப் பார்த்திருக்கிறீர்களா? நார்வேப் பையன்கள் முகத்தில் சாயம்தானே பூசினார்கள், மேடையிலிருந்து இறங்கியதும் கழுவிவிடுவார்கள். அம்மையார் திரும்பி வரவே இல்லை! பிணமெரியும் வாடை, நரி, பேய், கள்ளிக்காடு, இரவு, இத்தனைக்கும் நடுவில் எல்லையில்லாத பக்தி. உலகத்தின் எந்த பிளாக் மெட்டல் பாட்டெழுதுகிறவரும் அவருடைய காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். கடோபநிடதத்தை எடுங்கள், ஒரு பையன் எமன் வீட்டு வாசலில் மூன்று ராத்திரி பட்டினி கிடந்து, வந்த எமனிடம் செத்தபிறகு என்ன ஆகும் என்று கேட்கிறான். இதைவிட இருட்டான, இதைவிட அழகான ஒரு பாட்டுக்கான கரு உண்டா? மரணம் வேண்டும், இருள் வேண்டும், தனிமை வேண்டும் என்று மேற்கே தேடி அலைந்தவர்கள் அங்கே போய் முட்டி நின்றுவிட்டார்கள். ருத்ராவுக்கு அது புறப்படுகிற இடம்.

வரிகளில் அதுதான் என்னை மண்டியிட வைத்தது. பொதுவாக பிளாக் மெட்டலில் "நான்" என்பது ஊதிப் பெருத்துக்கொண்டே போகும். நான் தனியன், நான் மனிதக் கூட்டத்தை வெறுப்பவன், நான் இருளின் அரசன். ருத்ராவின் பிரம்மவித்யா ஆல்பங்கள் மூன்று, 2005-இல் 'பிரைமோர்டியல் ஐ', 2009-இல் நான் ரயிலில் கேட்டது, 2011-இல் 'இம்மார்ட்டல் ஐ'. மூன்றும் அத்வைதம் என்ற கத்தியை எடுத்து அந்த "நானை" அறுக்கின்றன. உடம்பு நீ இல்லை, மனசு நீ இல்லை, இந்தக் கோபமும் நீ இல்லை என்று தோலுரித்துக்கொண்டே போகிறது. கதிர் வேதாந்தம் படித்து, பிறருக்கும் கற்றுக்கொடுப்பவர். மேலோட்டமாக நாலு மந்திரத்தை அள்ளித் தூவி 'ஓரியண்டல்' வாசனை காட்டுகிற வேலை இல்லை இது. அலறுகிறவரே அலறல் யாருடையது என்று விசாரிக்கிறார்!

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இதையே வேறு விதத்தில் செய்திருக்கிறார். 1888-இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1953-இல் அவருடைய 'தி பிரின்சிபல் உபநிஷத்ஸ்' வெளிவந்தது, உபநிடதங்களை ஆங்கிலத்தில் விளக்கி மேற்கத்திய வாசகன் மேசையில் வைத்தார். பிறகு குடியரசுத் தலைவரும் ஆனார். அதே உபநிடதத்தைச் சிங்கப்பூர்ப் பையன்கள் மேற்கத்திய கிட்டாரில் ஏற்றித் திருப்பி அனுப்பியபோது அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வால்யூமைக் குறைக்கச் சொல்லியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

இசையிலும் ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதருக்கு முருகன் கிழவர் வடிவில் வந்து வாயில் கற்கண்டு போட்டதும் முதல் கீர்த்தனை பிறந்ததும் திருத்தணியில்தான் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. அந்தக் கீர்த்தனை மாயாமாளவகௌளை. பாட்டு வகுப்பில் முதல் நாள் சரளி வரிசை சொல்லிக்கொடுப்பார்களே, அதே ராகம். மேற்கத்திய இசைக்காரர்கள் அதே ஸ்வரக் கட்டுக்கு டபுள் ஹார்மானிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மெட்டல் கிட்டாரிஸ்டுகளுக்கு இருட்டையும் மர்மத்தையும் காட்ட அது உயிர். சட்ஜத்தை ஒட்டிக்கொண்டு ரிஷபம், பஞ்சமத்தை ஒட்டிக்கொண்டு தைவதம், அந்த நெருக்கத்தில்தான் அந்த அமானுஷ்யம். நம்மூர் எட்டு வயசுப் பாப்பா காலை ஆறு மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு பாடுவதை அவர்கள் ஆம்ப்ளிஃபையரில் ஏற்றி உலகத்தை மிரட்டுகிறார்கள்! ருத்ராவின் சில கிட்டார் வரிகளில் அந்தச் சாயல் தலைகாட்டும்போது நான் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு "தீட்சிதரே!" என்று கத்தியிருக்கிறேன். வீட்டில் யாரும் இப்போதெல்லாம் கண்டுகொள்வதில்லை.

இனி உச்சம். ஆடிக் கிருத்திகை. வேண்டுதலுக்காக மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருக்கிறேன். தலையாட்ட முடி இல்லாத மெட்டல் ரசிகன்! கற்பனை செய்துகொள்ளுங்கள், கீழே சரவணப் பொய்கையில் கால் வைக்க இடமில்லை, வருஷத்தின் நாளுக்கு ஒரு படியாக 365 படி, படி முழுக்க மஞ்சள் துணி, புஷ்பக் காவடிகள், கதம்பமும் கற்பூரமும் வியர்வையும் கலந்த வாசனை, சித்தூர்ப் பக்கமிருந்து வந்த கோவிந்தா போடுகிற நாக்குகள்கூட இங்கே அரோகரா போடுகின்றன, பின்னாலிருந்து பம்பை வருகிறது, உடுக்கை வருகிறது, பம்பைக்காரர் குச்சியால் தோலில் பொரிந்து தள்ளுகிறார், என் ஒரு காதில் அது, இன்னொரு காதில் நான் வெட்கமில்லாமல் செருகி வைத்திருந்த இயர்போனில் ருத்ரா, ஒரு கணம், ஒரே கணம், சத்தியமாகச் சொல்கிறேன், பம்பைக்காரரின் அடியும் சிவாவின் அடியும் ஒன்றாக விழுந்தன, எது தோல் எது டிரம், எது படி எது மேடை, எது 2009 எது எங்கள் பாட்டன் காலம் என்றே தெரியவில்லை, என் தலை தானாக ஆடத் தொடங்கியது, சந்தனம் தெறித்து முன்னால் போன அண்ணன் முதுகெல்லாம் புள்ளி, கால் நடுங்குகிறது, கண்ணில் தண்ணீர், பின்னாலிருந்த ஒரு ஆயா தன் பேத்தியை இழுத்துக்கொண்டு, "தள்ளி நில்லும்மா, அந்தப் புள்ளைக்கி சாமி வந்துகிது" என்றாள், யாரோ என் நெற்றியில் விபூதி வைத்தார்கள், இன்னொருவர் "யாரு வந்துக்கிற, சொல்லு சாமி" என்று கேட்டார், நான் இயர்போனைக் கழற்றவும் முடியாமல், உண்மையைச் சொல்லவும் முடியாமல், "ருத்ரா" என்றேன். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது!

பொய்யும் சொல்லவில்லையே. ஸ்ரீருத்ரம் என்கிற மந்திரத் தொகுதி எதில் தொடங்குகிறது தெரியுமா? ருத்ரனின் கருணைக்கு அல்ல, முதல் வணக்கம் அவனுடைய கோபத்துக்கு. பிறகு அவன் அம்புக்கு, வில்லுக்கு. கோபத்தைக் கும்பிட்டு உள்ளே போகிறவன் வெளியே வரும்போது சாந்தமாகியிருப்பான் என்கிற ஏற்பாடு. திருத்தணியின் கதையும் அதுதான். சூரனோடு போரை முடித்துவிட்டு வந்த முருகன் இங்கே வந்துதான் சினம் தணிந்தான். அதனால் கந்த சஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம் நடக்க, இங்கே அது இல்லை, புஷ்பாஞ்சலிதான், பூவாய்க் கொட்டுவார்கள். ருத்ராவின் ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிட்டு எங்கள் மலை உச்சியில் நின்றால் எனக்கு அப்படித்தான் இருக்கும். இடி இடித்து ஓய்ந்த காது, மனசில் ஒரு பொட்டுக் கோபம் மிச்சமில்லை. மேலதிகாரி மேல்கூட இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற பிளாக் மெட்டல் குழுக்கள் எல்லாம் என்னைக் கோபத்தில் கொண்டுபோய் விட்டன, ருத்ரா மட்டும் கோபத்தின் வழியாக வெளியே கூட்டிவந்தது.

இந்தியாவில் வேறு ஆளே இல்லையா என்றால், இருக்கிறார்கள். மும்பையின் டீமானிக் ரிசரக்‌ஷன் 2017-இல் தசாவதாரத்தை ஆல்பமாக்கியது. சென்னையிலேயே பிளட் கவனன்ட் என்று கிறிஸ்தவ பிளாக் மெட்டல் குழு இருந்தது, நார்வேக்காரர்களுக்கு மாரடைப்பு வந்திருக்கும். கொல்கத்தாவின் ஹீதன் பீஸ்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் மதங்களை எதிர்த்துப் பாடுகிறவர்கள், உறுப்பினர்கள் வைத்துக்கொண்ட புனைபெயர்கள் சார்வாகா, சாங்கியா, மீமாம்சா. பாருங்கள், கடவுளைத் திட்டுவதற்கும் நம் தரிசனங்களிலிருந்தே பெயர் எடுக்கிறார்கள்! ருத்ராவுக்கு நேர் எதிர்த் திசை, அதே தோண்டல்.

குறை? இதை வேகமாகச் சொல்லிவிட்டு ஓடுகிறேன். 1998-இல் வந்த முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவு கொஞ்சம் மெலிசு. 2001 ஆல்பத்தின் பெயர் 'தி ஆரியன் குருசேட்', தமிழ்நாட்டில் அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக எனக்குத் தைரியம் கிடையாது, அந்தத் தலைப்பு எனக்குப் பிடிக்கவும் இல்லை. "இது பிளாக் மெட்டலே இல்லை, டெத் மெட்டலில் கொஞ்சம் கறுப்பு" என்று சுத்த சைவக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். சிங்கப்பூரின் இசை ஆய்வாளர் யூஜின் டைரியாநாதன் 2009-இலேயே வேத மெட்டலையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தையும் வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரு குழு எந்த டப்பாவிலும் அடங்கவில்லை என்றால் அதற்குப் புது டப்பா செய்துகொள்ள வேண்டியதுதான், அவர்களே வேத மெட்டல் என்று செய்தும் கொடுத்துவிட்டார்கள்.

பெரியப்பா ஒருநாள் என் அறைக்கு வந்தார். தினமும் ருத்ரம் சொல்கிறவர், எழுபதைத் தாண்டியவர். "இன்னாடா இது, பூட்ட கேஸ் அடுப்பு மாதிரி உறுமுது?" என்றார். நான் மறுபேச்சு பேசாமல் ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். முகம் சுளித்தது, கை ஹெட்போனைக் கழற்றப் போனது, பிறகு அப்படியே நின்றது. உதடு அசைய ஆரம்பித்தது. உள்ளே மந்திரம் வந்திருக்கிறது, அவர் கூடவே சொல்லிக்கொண்டிருக்கிறார்! முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு, "பசங்க யாரு?" என்றார். சிங்கப்பூர் என்றேன். "நம்ம பசங்களா?" ஆமாம் பெரியப்பா என்றேன். "சாப்ட்டுட்டுப் பாடச் சொல்லு, வயித்துவலி வந்தமாதிரி இருக்குது" என்று போய்விட்டார். மறுநாள் காலை ருத்ரம் சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகவே சொன்னார் என்று பெரியம்மா சாட்சி.

சரி, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள், கேட்டே ஆக வேண்டும். முதலில் 'ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேஸிங் சேரியட்', போன் ஸ்பீக்கரில் வேண்டவே வேண்டாம், நல்ல ஹெட்போன். பிறகு அந்த ஆல்பம் முழுக்க, அதன்பின் 2005, 2011 இரண்டும். பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், உறுமலில் முதலில் ஒன்றும் புரியாது, நாலாவது தரம் ஒவ்வொரு சொல்லும் தெளியும். அதற்கப்புறம் 2013-இன் 'ரிதா', 2016-இன் 'எனிமி ஆஃப் டூவாலிட்டி'. 2022-இல் வந்த 'எய்ட் மகாவித்யாஸ்' பற்றி ஆரம்பித்தால் இன்னும் நாலு பக்கம் வேண்டும், ஆசிரியரிடம் கேட்டுப் பார்த்தேன், தர மாட்டாராம்.